ஒலியைச் சுமக்கும் பெட்டியும் ஒலியாக்கும் பெட்டியும்

கற்றலைப் போலவே கேட்டலையும் ஒரு செல்வமாகப் போற்றியது தமிழர் மரபு. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அந்தக் கேள்விச் செல்வம் ஒரு காலத்தில் மனிதர் வாயிலிருந்து மனிதர் செவிக்கு நேராகவே சென்றது. இன்றோ பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே பெட்டிகள் பல வந்து அமர்ந்திருக்கின்றன. அவற்றுள் எந்தப் பெட்டி நல்லிசையைத் தருகின்றது, எந்தப் பெட்டி வெறுமனே விலையை மாத்திரம் ஏற்றுகின்றது என்பது இசை விரும்பும் இல்லங்களிலெல்லாம் இன்று எழுகின்ற வினாவாகும்.

வினா எழுப்பப்படும் பெட்டிகள் இரண்டு. வீட்டிலுள்ள வைஃபை வலையின் வழியாக, இணையத்திலிருந்தோ கணினியிலிருந்தோ இசையைப் பெற்று ஒலிக்கருவியிடம் சேர்ப்பது ஒன்று. அதனை ஸ்ட்ரீமர் என்பர். எண்களாக வந்து சேரும் இசையை மின்னலையாக மாற்றித் தருவது மற்றொன்று; அதற்கு டாக் என்று பெயர். ஸ்ட்ரீமர் பலவற்றின் உள்ளேயே ஒரு மாற்றி அமைந்திருக்கின்றது. ஆயினும், வெளியே தனியாக ஒரு மாற்றியை வாங்கி இணைத்தால் இசை மேலும் தெளிவுறும் என்று விற்போர் கூறுகின்றனர். கொழும்பு மாநகரில் உள்ள செல்வருக்கு இது பொழுதுபோக்கு விடயமாக இருக்கலாம். எஹலியகொடவில் மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து இசைக்கருவி வாங்க எண்ணும் ஓர் இளைஞனுக்கோ இது பல மாதச் சேமிப்பைப் பற்றிய வினாவாகும். இதற்கான விடையைப் பெட்டிகளின் விளம்பரத்தில் தேடுவதைக் காட்டிலும், ஒலி கடந்து வந்த வரலாற்றில் தேடுவது பயன் தரும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் வீதியில், அவிசாவளையைக் கடந்ததும் வருகின்ற ஊர் எஹலியகொட. சுற்றிலும் இறப்பரும் தேயிலையும் விளையும் தோட்டங்கள். இடையிடையே இரத்தினக்கல் அகழும் குழிகள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் மண். 1912 ஆம் ஆண்டில் இரத்தினபுரி வரை நீண்ட களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதைப் புகையிரதம் இவ்வூரையும் தொட்டுச் சென்றது. 1976 இல் அவிசாவளைக்கு அப்பாலான பாதை கைவிடப்பட்டது. இத்தகைய தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ் மக்களின் செவியில் முதலில் ஒலித்தது எந்தப் பெட்டியும் அன்று. தப்பு எனும் பறை. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு மக்களை அழைத்ததும் அதுவே. காமன் கூத்திலும் பொன்னர் சங்கர் கூத்திலும் முழங்கியதும் அதுவே. அங்கே அடிப்பவன் கைக்கும் கேட்பவன் செவிக்கும் இடையே காற்று ஒன்றே இருந்தது. ஒலியின் தரம் என்றால் தோலின் தரமும் கையின் தரமுமே.

இந்த நேரடி உறவை முதன்முதலில் பிரித்தவர் அமெரிக்கரான தோமஸ் எடிசன். 1877 இல் அவர் அமைத்த போனோகிராப் பொறி, மனிதக் குரலைத் தகட்டில் கீறலாகப் பதித்து மீண்டும் பேச வைத்தது. பத்து ஆண்டுகளின் பின், 1887 இல், எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி கண்டார். 1902 இல் பிரெட் கெய்ஸ்பேர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தபோது, இந்திய இசையும் தட்டில் ஏறியது. மின்சாரத்தின் துணையின்றி, ஊதுகுழல் போன்ற கூம்பின் முன் நின்று உரத்துப் பாடிய காலம் அது. ஒலிவாங்கியும் மின்முறைப் பதிவும் 1925 இலேயே வாணிக வழக்குக்கு வந்தன.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று இன்றைய வினாவுக்கு மிகவும் பொருந்தும். 1915 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், எடிசனின் நிறுவனம் அமெரிக்க நகரங்களில் ஒப்பீட்டுக் கச்சேரிகளை நடத்தியது. மேடையில் பாடகர் ஒருவர் நிற்பார். அருகே அவரது தட்டு சுழலும் பொறி இருக்கும். விளக்குகள் அணைக்கப்படும். பாட்டு இடையறாது தொடரும். மீண்டும் விளக்கு எரியும்போது பாடகர் மேடையில் இருக்கமாட்டார், பாடிக்கொண்டிருப்பது பொறியே. மக்கள் வியந்து, குரலுக்கும் பொறிக்கும் வேறுபாடு இல்லை என்றனர். அந்தத் தட்டுகளை இன்று கேட்போர்க்கு அத்தீர்ப்பு வியப்பளிக்கும். பாடகர் சிலர் பொறியின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை அடக்கிப் பாடினர் என்பதும் பின்னர் தெரியவந்தது. செவி தான் எதிர்பார்ப்பதைக் கேட்கும் இயல்புடையது. ஒப்பீட்டை நடத்துபவரே பொருளை விற்பவராகவும் இருந்தால் தீர்ப்பு எளிதில் சாயும். இந்தப் பாடத்தை உலகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்றிருக்க வேண்டும்.

இலங்கையில் ஒலி வான்வழியே ஏறியது 1923 இல். தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்து, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16 ஆம் நாள் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. 1949 இல் அது இலங்கை வானொலியாக உருப்பெற்றது. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1967 இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கிய வேளையில், இந்தியத் துணைக்கண்டம் எங்கும் உள்ள நேயர்கள் கொழும்பின் சிற்றலையை நாடித் திரும்பினர் என்பது ஒலிபரப்பு வரலாற்றில் ஒரு பெருமைக்குரிய பக்கம்.

அந்நாளில் மின்சாரம் எட்டாத தோட்ட லயன்களில் வானொலி என்பது உலர் மின்கலத்தில் இயங்கிய ஒரு பெட்டி. அதற்கு உயரமான மரத்திலிருந்து இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. சிற்றலை கடல் அலைபோல் எழும், தாழும். மலைகளுக்கு அப்பால் மின்னல் வெட்டினால் பாட்டின் நடுவே படபடவெனும் இரைச்சல் புகும். அக்காலத்து நேயர் ஒருவர் எவ்வளவு விலை கொடுத்து நல்ல ஸ்பீக்கரை வாங்கினாலும், அந்த இரைச்சலைப் போக்க இயலாது. ஏனெனில், அன்றைய முறையில் ஒலியைச் சுமந்து வரும் அலையும் ஒலியின் உருவமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. சுமப்பது ஆடினால் சுமக்கப்படுவதும் ஆடியது. இசைத்தட்டிலும் அவ்வாறே, தட்டில் கீறல் விழுந்தால் பாட்டிலும் கீறல் விழுந்தது. ஒலிப்பதிவு நாடாவிலும் அவ்வாறே. நாடா இழுபட்டால் சுருதி இழுபட்டது. கடத்தும் பொருளின் தரமே இசையின் தரம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தமைக்கு இந்த நீண்ட அனுபவமே காரணம்.

இந்தப் பிணைப்பை அறுத்தது எண். 1937 இல் பாரிஸ் நகரில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸ், குரலை அலையாக அனுப்பாமல், அதன் உயரத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து, அந்த அளவுகளை எண்களாக அனுப்பலாம் என்று கண்டார். எத்தனை முறை அளந்தால் போதும் என்ற கணக்குக்கு 1928 இல் ஹரி நைக்விஸ்ட் அடித்தளமிட்டார். 1949 இல் கிளாட் ஷனன் அதனைத் தெளிவுற நிறுவினார். ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளந்தால், அந்த எல்லைக்குட்பட்ட அலையை மீண்டும் முழுமையாகக் கட்டியெழுப்பலாம் என்பதே அக்கணக்கின் சாரம். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். எனவே விநாடிக்கு 40,000 முறைக்குச் சற்று மேல் அளந்தால் போதும்.

தோட்டத்து வழக்கம் ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். இறப்பர்ப் பால் வெட்டுபவர் தாம் சேர்த்த பாலை நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு வருகின்றார். கணக்கப்பிள்ளை அதனை அளந்து புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுகின்றார். அந்தப் புத்தகம் அலுவலகத்துக்கு லொறியில் சென்றாலும், ஒருவர் தலையில் சுமந்து சென்றாலும், வழியில் மழைத்துளி பட்டுத் தாள் நனைந்தாலும், எழுத்து அழியாத வரையில் 18 என்பது 18 தான். அலுவலகத்தில் அந்த எண் சம்பளமாக மாறுகின்றது. இங்கே மூன்று செயல்கள் உள்ளன: அளத்தல், கடத்தல், மாற்றல். கொட்டகையில் அளவு தவறினால் சம்பளம் தவறும். அலுவலகத்தில் கணக்குத் தவறினாலும் சம்பளம் தவறும். ஆனால் விலையுயர்ந்த லொறியில் அனுப்பியதால் எந்தத் தொழிலாளிக்கும் சம்பளம் கூடியதில்லை. இலக்கமுறை இசையிலும் இம்மூன்றே உள்ளன. பதிவுக்கூடத்தில் நிகழ்வது அளத்தல். ஸ்ட்ரீமர் செய்வது கடத்தல். டாக் செய்வது மாற்றல்.

இந்த முறை இல்லங்களுக்குள் நுழைந்தது 1982 இல். அவ்வாண்டு அக்டோபரில் சோனி நிறுவனம் ஜப்பானில் குறுந்தட்டு இயக்கியை விற்பனைக்கு விட்டது. விநாடிக்கு 44,100 முறை அளவு. ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்கள், அதாவது 65,536 படிகளுள் ஒன்று. அமைதிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி. குறுந்தட்டை உருவாக்கியதில் பங்காளியான பிலிப்ஸ் நிறுவனத்திடம் அப்போது 14 இலக்க மாற்றியே இருந்தது. அந்நிறுவனத்தார் அளவுகளை நான்கு மடங்கு வேகத்துக்குப் பெருக்கிக் கணித்து, அந்தக் குறையை நிரப்பினர். சோனியோ 16 இலக்க மாற்றி ஒன்றையே இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மாறிமாறிப் பயன்படுத்தியது. ஒரே தட்டு, ஒரே எண்கள். மாற்றும் முறையோ இரண்டு. இரண்டினுள் எது இனிது என்ற விவாதம் அன்றே தொடங்கியது. மாற்றிகள் உண்மையாகவே குறையுடையனவாக இருந்த காலம் அது. ஆகையால் அவ்விவாதத்துக்கு அன்று பொருள் இருந்தது.

1980களின் இறுதியில் மாற்றி தனிப்பெட்டியாக வெளிவந்தது. 1988 அளவில் இங்கிலாந்தின் ஆர்க்கம் நிறுவனம் வெளியிட்ட கறுப்புப் பெட்டி, நடுத்தர வருவாயினரும் வாங்கத்தக்க தனி மாற்றிகளுக்கு முன்னோடியாயிற்று. சுழலும் மோட்டார்களின் அருகே நுண்ணிய மின்னலையை உருவாக்குவதைக் காட்டிலும், தனி மின்வழங்கலோடு தனிப்பெட்டியில் உருவாக்குவது நன்று என்பது அதன் நியாயம். ஆனால் பிரித்ததனால் ஒரு புதிய இடரும் வந்தது. எண்கள் ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்குக் கம்பி வழியே செல்லும்போது, எண் மாறாவிடினும் அது வந்து சேரும் நொடி சற்றே முன்பின்னாகலாம். இதனை ஜிட்டர் என்பர். தப்பு அடிப்பவர் அடிகளை ஒன்றும் விடாமல் அடித்து, தாளத்தை மாத்திரம் சற்றே தளம்பவிட்டால் எவ்வாறிருக்குமோ, அது போன்றது இக்குறை. மல்கம் ஹோக்ஸ்ஃபர்ட், கிறிஸ் டன் ஆகியோர் 1992 இல் இந்த இணைப்பு முறையின் குறைபாட்டை ஆராய்ந்து எழுதினர். அதற்குப் பின் மாற்றியை அமைப்போர், வரும் எண்களைச் சற்றே தேக்கி வைத்து, மாற்றியினுள் உள்ள கடிகாரத்தின் தாளத்துக்கே அவற்றை வெளிவிடும் முறைகளைக் கைக்கொண்டனர். நன்கமைந்த மாற்றிகளில் அந்த இடர் இன்று செவிக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது.

ஸ்ட்ரீமரின் வரலாறு இதனின் வேறான வழியில் வந்தது. 1974 இல் வின்ட் செர்ஃப், பொப் கான் ஆகிய இருவர் கணினிகளை இணைக்கும் விதிமுறை ஒன்றை வகுத்தனர். செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றும் சேர்ந்ததற்கு ஒப்புதல் திரும்பி வரும். ஒப்புதல் வராத பொதி மீண்டும் அனுப்பப்படும். பதிவுத் தபாலை ஒத்த இந்த ஒழுங்கே இணையத்தின் முதுகெலும்பாயிற்று. இசைக்காக அஃது உருவாக்கப்படவில்லை. ஆயினும் ஓர் எழுத்தும் பிசகாமல் சேர்ப்பிக்கும் இயல்பால், இசைக்கும் ஏற்றதாயிற்று. 1990களில் ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதலியோர் வளர்த்த எம்பி3 முறை, செவி எளிதில் கவனிக்காத பகுதிகளை நீக்கி இசையைச் சுருக்கியது. 2001 இல் ஜோஷ் கோல்சன் வெளியிட்ட ஃப்ளாக் முறையோ எதனையும் நீக்காமல் சுருக்கியது. விரித்தால் மூல எண்கள் அனைத்தும் அப்படியே கிடைக்கும்.

அதே 2001 இல் அமெரிக்காவின் ஸ்லிம் டிவைசஸ் எனும் சிறு நிறுவனம் வீட்டு வலையிலிருந்து இசை பெறும் ஒரு சிறு பெட்டியை விற்றது. அதன் வழித்தோன்றலே 2003 இல் வந்த ஸ்குவீஸ்பொக்ஸ். 2004 இல் ஆப்பிள் நிறுவனத்தின் எயார்போர்ட் எக்ஸ்பிரஸ், 2005 இல் சோனோஸ், 2007 இல் ஸ்கொத்லாந்தின் லின் நிறுவனத்தின் உயர்விலைக் கருவி, 2015 இல் கூகுளின் குரோம்காஸ்ட் ஓடியோ என்று இவ்வரிசை நீண்டது. இவற்றுள் எயார்போர்ட் எக்ஸ்பிரஸும் குரோம்காஸ்ட் ஓடியோவும் மலிவானவை. எனினும் எண்களை ஒளிக்கம்பி வழியே வெளியே தரும் வாயில் அவற்றில் இருந்தது. எனவே மக்கள் மலிவான சுமக்கும் பெட்டியோடு தாம் விரும்பிய மாற்றியை இணைத்துக்கொண்டனர். ஸ்குவீஸ்பொக்ஸ் 2012 இலும், குரோம்காஸ்ட் ஓடியோ 2019 இலும் நிறுத்தப்பட்டன. சுமக்கும் பெட்டிகளின் ஆயுள் குறுகியது. நல்ல மாற்றியும் ஸ்பீக்கரும் அவற்றைக் கடந்து வாழ்கின்றன என்பது இவ்வரலாறு தரும் ஒரு நடைமுறைப் பாடம்.

இனி இரு பெட்டிகளையும் ஒப்பிடலாம். விலை குறைந்த ஸ்ட்ரீமர் ஒன்றும் விலை உயர்ந்த ஸ்ட்ரீமர் ஒன்றும் ஒரே பாட்டின் எண்களை மாற்றமின்றி ஒரே டாக்கிடம் கொடுக்குமாயின், நன்கமைந்த டாக்கிலிருந்து வரும் ஒலியில் செவி அறியும் வேறுபாடு எழுவதற்கு இடமில்லை. லொறி மாறினும் எண் மாறாது. ஆனால் ஸ்ட்ரீமர் எண்களை மாற்றிவிடும் இடங்கள் சில உண்டு. புளூடூத் வழியே சென்றால் இசை பெரும்பாலும் மீண்டும் ஒருமுறை சுருக்கப்படுகின்றது. சில கருவிகள் அளவு வேகத்தைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக் கணிக்கின்றன. கைபேசியில் ஒலியளவைக் குறைத்தால் எண்களே சிறிதாகின்றன. கம்பி வழியே நிலத்தொடர்பு வளையம் ஏற்பட்டால், ஓர் உறுமல் புகுகின்றது. இவை உண்மையான குறைகள். இவற்றைப் போக்க வேண்டுவது கருவியின் அமைப்பைச் சரிபார்க்கும் பொறுமையே அன்றிப் பெருஞ்செலவு அன்று.

ஸ்ட்ரீமரின் உள்ளேயுள்ள மாற்றியை வெளி மாற்றியோடு ஒப்பிடும்போது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடும். மலிவான பெட்டியில் மெல்லிய இரைச்சல் இருக்கலாம். தலையணி ஒலிப்பானை இயக்கப் போதிய வலு இல்லாதிருக்கலாம். அங்கே வெளி மாற்றி பயன் தரும். ஆயினும் ஒப்பிடுவோர் ஓர் எச்சரிக்கையை மறத்தல் ஆகாது. 1933 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் காட்டியவாறு, ஒலி தாழும்போது செவி கீழ்ச்சுருதி ஒலிகளை மிகக் குறைவாகவே உணர்கின்றது. ஆகவே சற்றே உரத்து ஒலிப்பது நிறைவாக ஒலிப்பதாகத் தோன்றும். ஒரு பெட்டி மற்றதைவிட ஒரு டெசிபெல் கூடுதலாக வெளியிட்டாலும், கேட்பவர் அதனை உரத்தது என்று கூறாமல் இனியது என்றே கூறுவர். ஒலியளவைச் சமன் செய்யாத ஒப்பீடு ஒப்பீடே அன்று. எந்தப் பெட்டி ஒலிக்கின்றது என்பதைக் கேட்பவர் அறிந்திருக்கும் ஒப்பீடும் அத்தகையதே.

இக்கட்டுப்பாடுகளோடு நடந்த சோதனைகள் உண்டு. 2007 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியைச் சேர்ந்த மேயர், மொரான் ஆகிய இருவர், உயர்நுண்மைப் பதிவுகளைக் குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்தும் குறைக்காமலும் கேட்கச் செய்தனர். 554 முறை நடந்த சோதனையில் சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் ஏறத்தாழ அத்தனையே கிடைக்கும். 2016 இல் இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். 12,000 க்கு மேற்பட்ட முயற்சிகளில் சரியான விடை 52.3 விழுக்காடு, பயிற்சி பெற்றோர் சற்றே கூடுதலாக உணர்ந்தனர். இவை பெட்டிகளைப் பற்றிய சோதனைகள் அல்ல, எண்களின் நுண்மையைப் பற்றியவை. ஆனால் குறுந்தட்டின் அளவுக்கும் அதனினும் நுண்ணிய அளவுக்கும் உள்ள வேறுபாடே இத்துணை மெலிதென்றால், இரண்டு நல்ல மாற்றிகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பெரிதெனக் கூறுவோர் அதனைக் கண்ணை மூடிக் காட்ட வேண்டிய கடப்பாடுடையர்.

அவ்வாறாயின் வீட்டில் இசையின் தரத்தை வகுப்பது எது? ஸ்பீக்கரும் அறையுமே. நல்ல மாற்றியொன்று அலையில் உண்டாக்கும் பிழை நூறாயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஸ்பீக்கர் கீழ்ச்சுருதி ஒலிகளை எழுப்பும்போது உண்டாகும் பிழையோ நூற்றில் ஒரு பங்கையும் எட்டக்கூடும். அறையின் சுவர்கள் சில சுருதிகளை ஏற்றியும் சிலவற்றை இறக்கியும் விடுகின்றன. எஹலியகொடவில் தகரக் கூரையின் மேல் மாலை மழை கொட்டும்போது, 96 டெசிபெல் அமைதியை வாங்கி வைத்திருப்பவருக்கும் அதனால் பயன் இல்லை. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஆடலையும் பாடலையும் மாத்திரம் கூறி நிறுத்தவில்லை. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவையும் கூறினார். கலை நிகழும் இடத்துக்கும் அளவு வேண்டும் என்பதைத் தமிழர் அன்றே உணர்ந்திருந்தனர். ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து சற்றே முன்னிழுத்து வைப்பதும், வெறுஞ்சுவரில் ஒரு தடித்த துணியைத் தொங்கவிடுவதும் செலவற்ற சீர்திருத்தங்கள்.

எனினும் இந்த வரலாற்றின் முதன்மையான பாடம் இன்னும் எஞ்சியிருக்கின்றது. அளத்தல், கடத்தல், மாற்றல் ஆகிய மூன்றனுள், கடத்தலில் நேரும் பிழையை மீண்டும் அனுப்பித் திருத்தலாம். மாற்றலில் உள்ள குறையை, நாளை வேறொரு மாற்றியை வாங்கித் திருத்தலாம். அளத்தலில் நேர்ந்த பிழையைத் திருத்த வழியே இல்லை, மூலம் அழிந்துபோன பின்னர். விற்பனைக் கடைகளில் டாக்கைப் பற்றி ஆயிரம் பேச்சு எழுகின்றது. அதன் உடன்பிறப்பாகிய, ஒலியை எண்ணாக்கும் மாற்றியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். தோட்டப்புறத் தமிழர்க்கு முதன்மையானது பின்னதே.

மலையகத்தின் பாடல்களை ஏட்டில் சேர்த்துத் தந்தவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. சொற்கள் அவ்வாறு காக்கப்பட்டன. ஆனால் அந்தச் சொற்களை ஒரு பாட்டி எந்தச் சுருதியில், எந்த இழுப்பில், எந்த இடத்தில் மூச்சு வாங்கிப் பாடினாள் என்பதை ஏடு காக்காது. 1963 இல் பிலிப்ஸ் அறிமுகம் செய்த கசெட் நாடா, பின்வந்த ஆண்டுகளில் எளிய வீடுகளுக்கும் எட்டியது. கூத்தும், ஒப்பாரியும், தாலாட்டும், திருமண வாழ்த்தும் அதில் பதிவாயின. அந்த நாடாக்கள் பல இன்றும் தகரப்பெட்டிகளில் கிடக்கின்றன. சபரகமுவையின் ஈரம் அவற்றில் பூஞ்சணம் ஏற்றுகின்றது. காந்தப் பூச்சு உதிர்கின்றது. இயக்கும் கருவிகளும் அருகிவிட்டன. 2019 இல் யுனெஸ்கோவும் உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமும் இணைந்து, காந்த நாடாக்களை இயக்கி எண்ணாக்கும் வாய்ப்பு 2025 அளவில் பெரிதும் குன்றும் என எச்சரித்தன. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

அச்சங்கம் வகுத்த நெறி எளியது. பழைய ஒலிப்பதிவை எண்ணாக்கும்போது விநாடிக்கு 48,000 அளவும் 24 இலக்கமும் குறைந்த எல்லை, 96,000 விரும்பத்தக்கது. கேட்பதற்குக் குறுந்தட்டின் அளவே போதுமாயிருக்க, காப்பதற்கு ஏன் இத்துணை? நாடாவின் இரைச்சலைப் பின்னர் நீக்கவும், தாழ்ந்த குரலை உயர்த்தவும் இடம் வேண்டும் என்பதற்காகவே. எண்ணாக்கு முன் நாடா இயக்கியின் தலையைத் துடைத்து நேர்செய்தல் வேண்டும். எம்பி3 ஆகச் சுருக்கி மாத்திரம் வைத்தல் ஆகாது. முழு எண்களையும் வைத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு படி, வேறோரிடத்தில் மற்றொரு படி என இரண்டேனும் இருத்தல் வேண்டும். யாருடைய குரல், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற குறிப்பும் உடன் இருத்தல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் எனும் தமிழ் இலக்கமுறைக் காப்பு முயற்சி, ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பேணி வருவதை நேயர்கள் அறிவர். அத்தகைய முயற்சிகளோடு இணைவதற்கும் இன்று வழி இருக்கின்றது.

ஆகவே இரு பெட்டிகளுள் எது சிறந்தது எனும் வினாவுக்கு வரலாறு தரும் விடை இது: சுமக்கும் பெட்டி சுமந்தால் போதும், தடையின்றிச் சுமப்பதை வாங்குவதே அறிவுடைமை. ஒலியாக்கும் பெட்டி, உள்ளிருப்பினும் வெளியிருப்பினும், குறைந்த இரைச்சலோடு நேர்மையாக ஒலியாக்கினால் போதும். அதற்கு மேலும் பணம் எஞ்சினால் அது ஸ்பீக்கருக்கு உரியது. இரண்டுக்கும் முன்னர் நிற்பது குரலை எண்ணாக்கும் அந்த முதற்கணம். நாளைய தலைமுறை எத்துணை உயர்ந்த கருவிகளைப் படைத்தாலும், இன்று எண்ணாக்கப்படாத பாட்டியின் தாலாட்டை அக்கருவிகள் எங்கிருந்தும் கொண்டுவர இயலாது.